ராஜ்மகால் மலையில் இருக்கும் மகனுக்கு

பாளையங்கோட்டை,
ஞாயிறு இரவு.

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு, அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். உன் சுகத்துக்கு உடனே பதில் எழுது.

முதலில் கொசுவலையைப் பற்றிக் கேட்கச் சொன்னாள் அம்மா. வாங்கிக் கொடுத்த வலையை மடிப்புக் கலையாமல் பெட்டியிலேயே வைத்திருக்கிற ஆள் நீ. இருட்டுவதற்கு முன்பே கட்டிவிடு. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. போன வருஷத்துக் காய்ச்சலை ‘லேசான உஷ்ணம்’ என்று எழுதினாய். லேசான உஷ்ணத்துக்காக யாரும் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் படுப்பதில்லை.

கிணற்று மோட்டார் மறுபடியும் பழுது. சாயர்புரம் சித்தப்பா வந்துபோனார். அந்தப் பங்கு விஷயத்தை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எஸ்தருக்குப் பெண் குழந்தை. அப்படியே ஆச்சி ஜாடை. வேறு விசேஷம் இல்லை.

உன் ஜெபக் கடிதம் இரண்டு மாதமாக வரவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அதை வாசிப்பதற்கென்றே சிலர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் மாதம் தபால் தாமதம் என்றேன். இரண்டாம் மாதம், கடிதம் வந்துவிட்டது, மூக்குக் கண்ணாடியைத்தான் வீட்டில் வைத்துவிட்டேன் என்றேன். எழுபத்தோரு வயதில் ஆலயத்துக்குள் நின்று பொய் சொன்னேன். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எழுத நேரம் கிடைத்திருக்காது.

கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது முற்றத்தில் கால் கழுவிக்கொண்டே, அந்த ஜார்க்கண்ட் மலை ஜனங்களின் மால்தோ பாஷையில் நீங்கள் வேதத்தை மொழிபெயர்க்கும் வேலையைப் பற்றி ஒன்று சொன்னாய். “அவர்களுக்குத்தான் இந்தி தெரியுமே அப்பா. 2 லட்சத்துச் சொச்சம் பேருக்காக ஒவ்வொரு வசனத்தையும் ஒரு வாரம் உருட்டிக்கொண்டிருக்கிறோம்” என்றாய். நான் பதில் சொல்லவில்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். அப்போது சொல்லாததை இப்போது எழுதுகிறேன். நீ கேட்காத பதில் என்று மடித்து வைத்துவிடாதே.

சாகிப்கஞ்சு சந்தையில் உப்பு வாங்க அவர்களுக்கு இந்தி போதும்தான். தரங்கம்பாடியிலும் கொஞ்சம் போர்த்துகீசியம் தெரிந்தவர்கள் இருந்தார்கள், வியாபாரம் நடந்தது. 1706 ஜூலையில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்கு அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். அந்த ஜெர்மானியர் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து ‘அ’ எழுதினார். அங்கிருந்த டேனிய அதிகாரி அவரை நான்கு மாதம் கோட்டையில் அடைத்தும் வைத்தார். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் வந்தது; இந்திய மொழிகளில் அதுதான் முதல். ஜெர்மனியிலிருந்து வந்த எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈயத்தை உருக்கிச் சிறிய எழுத்து வார்த்தார்கள் என்று படித்திருக்கிறேன். 1719-இல் அவர் இறந்தபோது வயது 36. இப்போது உனக்கு என்ன வயது என்று அம்மா நேற்று எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் இந்தக் கதையைச் சொல்லவில்லை.

இதெல்லாம் உனக்குத் தெரியும். வேதாகமச் சங்க ஞாயிறு தோறும் நான் பிரசங்க பீடத்தில் சொன்னதுதான். முன் பெஞ்சில் உட்கார்ந்து நீ உதட்டை அசைத்துக் கூடவே சொல்லுவாய்.

பிரசங்கத்தில் சொல்லாத ஒன்று உண்டு. இயேசு வீட்டில் பேசியது அராமிக். சுவிசேஷங்கள் நமக்குக் கிடைத்திருப்பது கிரேக்கத்தில். அவர் வாயிலிருந்து வந்த சொல் நம் கைக்கு வரும்போதே இன்னொரு பாஷைக்குள் புகுந்துதான் வந்தது. இதுதான் தேவபாஷை, இதில்தான் ஓத வேண்டும் என்று சொல்ல நமக்கு ஒரு பாஷையும் இல்லை. அதனால்தான் பெந்தெகொஸ்தே நாளில் சீஷர்கள் பேசியதை அத்தனை ஊர்க்காரர்களும் அவரவர் ஜென்மபாஷையில் கேட்டார்கள் என்று எழுதியிருக்கிறது. எருசலேமுக்கு வந்திருந்தவர்களில் பாதிப் பேருக்காவது கிரேக்கம் தெரிந்திருக்கும். காரியத்தை அதிலேயே முடித்திருக்கலாமே!

அப்படியும் சுவிசேஷம் எழுதிய மாற்கு சில இடங்களில் அராமிக்கை அப்படியே விட்டுவிட்டார். செத்துக் கிடந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்து ‘தலீத்தாகூமி’ என்றார் இயேசு. ‘சிறு பெண்ணே எழுந்திரு’ என்ற அர்த்தத்தைப் பக்கத்தில் எழுதினாலும், அந்தச் சொல்லை எடுத்துப்போட மாற்குக்கு மனம் வரவில்லை. அந்தப் பிள்ளையின் அம்மா அதே பாஷையில்தானே காலையில் அவளை எழுப்பியிருப்பாள்.

குவாத்தமாலாவுக்கு 1917-இல் ஸ்பானிய வேதாகமம் விற்கப் போன டவுன்செண்ட் என்ற அமெரிக்கரிடம் அங்கத்திய கக்சிகேல் பழங்குடிக்காரர் ஒருவர், உங்கள் கடவுள் அவ்வளவு கெட்டிக்காரர் என்றால் எங்கள் பாஷை ஏன் அவருக்குத் தெரியவில்லை என்று கேட்டாராம். டவுன்செண்ட் அங்கேயே தங்கிவிட்டார். கக்சிகேல் புதிய ஏற்பாடு 1931-இல் அச்சில் வந்தது. நீ ஒரு வாரம் உருட்டுகிறாய்; அவர் எத்தனை வருஷம் உருட்டினார் என்று பார்.

என்னோடு வேலை பார்த்த தமிழாசிரியர், எதிர் வீட்டுக்காரர், அவரை உனக்குத் தெரியும். “இதெல்லாம் ஆள் சேர்க்கத்தானே சார்?” என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விசுவாசிக்கிறதை நாலு பேரும் விசுவாசிக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள்தான் நாம். ஆனால், கேட்கிறவனுக்கு அர்த்தம் புரிந்தால்தான் வேண்டாம் என்றாவது சொல்ல முடியும் என்றேன். புரியாத பாஷையில் ஆமென் சொல்ல வைப்பதுதான் மோசம். அவர் தலையை ஆட்டிக்கொண்டார், ஒப்புக்கொண்டாரா தெரியாது. உங்கள் துரோசே பாதிரியார் 1884-இல் மால்தோ இலக்கணம் போட்டிருக்கிறார், கங்கைக் கரை மலையில் பேசும் அந்தப் பாஷை நம் திராவிடக் குடும்பம் என்று சொன்னபோதுதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மால்தோவில் நான், நீ, நாம் என்பதற்கு நீ எழுதியனுப்பிய ‘ஏன், நீன், நாம்’ என்ற பட்டியலைக் காட்டினேன். தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டு, பேச்சை வேறு எதற்கும் திருப்பாமல் அரை மணி நேரம் இருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. என் மகன் என்று இரண்டு தரம் சொன்னேன்.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி.

தம்பி, பெருமை என்று எழுதிவிட்டு நிறுத்த முடியவில்லை. அம்மாவுக்குக்கூடத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ பிறப்பதற்கு முன்னால், நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பள்ளிக்கூடத்தில், நான்காம் வகுப்பில் ஒரு நரிக்குறவர் வீட்டுப் பையன் இருந்தான். சேர்க்க வந்த அன்று பெயர் கேட்டேன். சொன்னான். எனக்குப் பிடிபடவில்லை. மறுபடி சொன்னான். பின்னால் வரிசை நின்றது. பதிவேட்டில் ராஜா என்று எழுதினேன். அந்த வருஷத்தில் நான் எழுதிய மூன்றாவது ராஜா அவன்.

அவன் தங்கை ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பாள். இரண்டு பேரும் தங்கள் பாஷையில் பேசிக்கொள்வார்கள், அவள் சிரிப்பாள். ஒருநாள் அளவுகோலால் மேசையில் தட்டி, “இங்கே மனுஷர் பேசுகிற பாஷையில் பேசு” என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவனை முட்டி போடச் சொன்னேன். போட்டான். அதன்பிறகு தமிழிலும் பேசவில்லை. ஆஜர் கூப்பிட்டால் எழுந்து நிற்பான், அவ்வளவுதான். பொங்கல் விடுமுறைக்குப் பிறகு வரவில்லை.

முட்டி போட வைத்தது வெள்ளிக்கிழமை. அந்த ஞாயிற்றுக்கிழமை வேதாகமச் சங்கப் பண்டிகை. சீகன்பால்கு மணலில் ‘அ’ எழுதியதைச் சொல்லி முடித்தபோது சபையில் பல பேர் கண்ணைத் துடைத்தார்கள். காணிக்கை நன்றாக விழுந்தது.

அவனுடைய சொந்தப் பெயரை நினைத்துப் பார்க்கிறேன். ‘வ’-வில் தொடங்கியது போல ஒரு நினைவு. இரண்டு தரம் சொன்னான். எழுதி வைத்திருக்க வேண்டியவன் நான்.

நீ வங்கி வேலையை விட்டுவிட்டு மலைக்குப் போகிறேன் என்றபோது நான் போட்ட சண்டைக்குச் சம்பளம்தான் காரணம் என்று நினைத்தாய். பாதி அதுதான். மீதியை இவ்வளவு நாள் கழித்துத்தான் எழுத வருகிறது. நீ திரும்பி வந்தாலும் இது உன் வீடுதான்; மாடி அறையை யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. இங்கிருந்துகொண்டும் அந்த வேலைக்கு உதவலாம் என்று போதகர் சொன்னார். நானாகக் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். இருப்பதும் வருவதும் உன் இஷ்டம்.

பார்சலில் கருப்பட்டி, முறுக்கு, இரண்டு பனியன், இன்னொரு கொசுவலை இருக்கிறது. இதையாவது கட்டு. அம்மா ஞாயிறு மத்தியானம் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். தூங்குகிறாள் என்று நினைத்து வைத்துவிடாதே.

கடைசியாக வந்த ஜெபக் கடிதத்தில் ஒரு விஷயத்தைப் பாதியில் விட்டிருந்தாய். மாற்கு நான்காம் அதிகாரத்தை ஊரில் வாசித்துக் காட்டியபோது, சீஷர்கள் படகில் ‘மடிந்துபோகிறோம்’ என்று கத்துகிற இடத்தில் ஒரு பெரியவர் நிறுத்தி, ‘நாம்’ என்றார்களா, ‘ஏம்’ என்றார்களா என்று கேட்டாராம். மடிகிறவர்களில் இயேசுவையும் சேர்த்தார்களா, அவரை விட்டுவிட்டுத் தங்களை மட்டும் சொன்னார்களா என்று. கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்று எழுதியிருந்தாய். நம் வேதத்தை எடுத்துப் பார்த்தேன். ‘நாங்கள்’ என்றுதான் இருக்கிறது. ஐம்பது வருஷமாக வாசிக்கிறேன், அதில் அவரை விட்டுவிட்டிருக்கிறோம் என்று கவனிக்கவே இல்லை.

நீங்கள் என்ன போட்டீர்கள்? அதை மட்டுமாவது ஒரு வரி எழுது.

அன்புள்ள,
அப்பா