வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: விஎம் ஃபைலில் கை வைக்கும் முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மார்ச் கணக்கு முடிக்கும் நேரம். "டேலி ஓடுகிற விர்ச்சுவல் மெஷின் (விஎம்: கம்ப்யூட்டருக்குள் புரோகிராமாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) இழுக்கிறது, அதன் அமைப்பு ஃபைலைத் திறந்து நாங்களே மெமரியைக் கூட்டிக்கொள்ளலாமா?" என்று உங்களில் பலர் கேட்டீர்கள். கூட்டிக்கொள்ளலாம். ஆனால் போனில் அவசரமாகச் சொல்லி முடிக்கிற சமாச்சாரம் இல்லை என்பதால் எழுதுகிறோம்.

போன வருடம் ஒரு நூல் வியாபார அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னால் எங்கள் கவலை உங்களுக்குப் புரியும். டேலியைப் புதுப்பிப்பதற்கு முன் அங்கே ஒரு ஸ்நாப்ஷாட் (மெஷினின் அந்த நேரத்து நிலையைப் பதிந்து வைப்பது) எடுத்து வைத்திருந்தார்கள். ஸ்நாப்ஷாட் எடுத்த நிமிடத்திலிருந்து பழைய டிஸ்க் ஃபைலில் எதுவும் எழுதப்படாது. பெயரின் கடைசியில் 000001 என்று எண் போட்ட புது ஃபைல் ஒன்று உருவாகி, அதன் பிறகு போடுகிற ஒவ்வொரு பில்லும் அதில்தான் சேரும். மெஷினை ஓட்டும் விஎம்வேர் புரோகிராமின் அமைப்பு ஃபைலான விஎம்எக்ஸ் ஃபைலிலும் (.vmx) டிஸ்க் பெயர் இருக்கும் வரி அந்த எண்ணோடு மாறிவிடும். மெமரியைக் கூட்ட ஃபைலைத் திறந்த தம்பி இந்த வரியைப் பார்த்து, பெயர் தப்பாக இருக்கிறது என்று நினைத்து, நல்ல எண்ணத்தில் பழைய பெயரையே போட்டுவிட்டார். மெஷின் ஒரு பிழையும் காட்டாமல் கிளம்பியது. டேலியைத் திறந்தால் பதினோரு வாரத்துக் கணக்கைக் காணோம்.

அந்த நிமிடமே நிறுத்தி எங்களைக் கூப்பிட்டிருந்தாலும் சேதம் தொடங்கித்தான் இருக்கும். ஏனென்றால் விண்டோஸ் கிளம்பும்போதே டிஸ்கில் எழுத ஆரம்பித்துவிடும். அடிப்படை ஃபைல் மாறிவிட்டால், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் எண் போட்ட ஃபைல் அதனோடு பொருந்தாது. வரியைத் திருப்பி மாற்றினாலும் "மூல டிஸ்க் மாறிவிட்டது" என்று சொல்லித் திறக்க மறுக்கும். முந்தின இரவு எடுத்த பேக்கப் வெளி டிஸ்கில் இருந்ததால் அந்த அலுவலகம் பிழைத்தது. ஒரு நாள் பில்களை மட்டும் மறுபடி ஏற்றினோம். ஆகவே உங்களிடம் நாங்கள் கெஞ்சிக் கேட்பது இது ஒன்றுதான்: டிஸ்க் பெயர் இருக்கும் வரியைத் தொடாதீர்கள்.

மற்ற வரிகளை மாற்றலாம். அதிலும் பாதிக்கு மேல் ஃபைலைத் திறக்கத் தேவையே இல்லை. மெமரி, பிராசசர், நெட்வொர்க் மூன்றும் செட்டிங்ஸ் திரையிலேயே இருக்கின்றன. அங்கே இல்லாத ஒன்றுக்குத்தான் ஃபைல்.

திறந்தே ஆகவேண்டும் என்றால், உள்ளே ஓடும் விண்டோஸை முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள். சஸ்பெண்ட் போதாது. சஸ்பெண்ட் என்பது மெஷின் பாதி வேலையில் கண்ணை மூடியிருப்பது. அந்த நிலையில் அதன் மெமரி அளவை மாற்றினால் விழிக்கும்போது குழம்பும். ஷட்டவுன் ஆனதும் விஎம்வேர் புரோகிராமையும் மூடிவிடுங்கள். திறந்திருந்தால் அது பழைய விவரத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, நீங்கள் சேமித்ததன் மேல் எழுதிவிடக்கூடும். பிறகு விஎம்எக்ஸ் ஃபைலை வேறொரு ஃபோல்டரில், அன்றைய தேதியைப் பெயரில் சேர்த்து ஒரு காப்பி வையுங்கள். சில கேபிதான். இந்தக் காப்பி அமைப்பை மட்டும்தான் காப்பாற்றும், உங்கள் கணக்கை அல்ல. கணக்குக்கு டிஸ்க் பேக்கப் தனியாக வேண்டும்.

திறக்க நோட்பேட் போதும், வேர்ட் வேண்டாம். ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் ஒரு பெயர், சமக்குறி, வலப்பக்கம் மேற்கோளுக்குள் மதிப்பு. மெம்சைஸ் (memsize) என்ற வரியில் 4096 என்று இருந்தால் 4 ஜிபி. 8 ஜிபி வேண்டுமென்றால் 8192. எண் 4 ஆல் வகுபடவேண்டும். மேற்கோள் குறி நேராக நிற்பதாக இருக்கவேண்டும். வாட்ஸ்அப்பில் வந்ததையோ வேர்டில் அடித்ததையோ ஒட்டினால் வளைந்த குறி வந்துவிடும், மெஷின் திறக்காது. ஒரே பெயரில் இரண்டு வரி இருந்தாலும் திறக்காது. புது வரி சேர்க்கும் முன் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு வரி மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்தது.

இன்னொன்று, மெஷினைப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது "நகர்த்தினீர்களா, காப்பி எடுத்தீர்களா" என்று கேட்கும். பழையது இனி ஓடாது என்றால் நகர்த்தியதாகவே சொல்லுங்கள். காப்பி என்றால் புது அடையாள எண்ணும் புது மேக் முகவரியும் (நெட்வொர்க் கார்டின் அடையாளம்) எழுதிக்கொள்ளும். விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் கார்டு என்று எடுத்துக்கொண்டு, நாங்கள் போட்டுவைத்த ஐபி முகவரியைத் தொலைத்துவிடும்.

விஎம்வேருக்குப் பதில் விர்ச்சுவல்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு: அதன் அமைப்பு ஃபைலின் தலைப்பிலேயே "இதைத் திருத்தாதே" என்று எழுதியிருக்கும், மதியுங்கள். லினக்ஸில் கேவிஎம் ஓட்டுகிறவர்கள் ஈடிசி (/etc) ஃபோல்டருக்குள் போய்த் திருத்தாமல் விர்ஷ் எடிட் (virsh edit) கட்டளையைப் பயன்படுத்துங்கள். எழுத்துப் பிழை இருந்தால் சேமிக்கும் முன்பே அது சொல்லிவிடும். விண்டோஸோடு வரும் ஹைப்பர்-வியில் 2016 பதிப்பிலிருந்து அமைப்பு ஃபைல் கையால் திருத்தும் வடிவிலேயே இல்லை.

ஏதாவது கெட்டுப்போனால் ஃபோல்டரில் இருக்கும் எதையும் அழிக்காதீர்கள், முக்கியமாக விஎம்வேர் லாக் ஃபைலை (vmware.log, நடந்ததைப் பதியும் ஃபைல்). ஒருமுறை டிஸ்க் நிரம்பி, ஒரு கிளையன்டின் விஎம்எக்ஸ் ஃபைல் வெறும் பூஜ்யம் கேபியாகிவிட்டது. காப்பியும் இல்லை. மெஷின் கிளம்பும் ஒவ்வொரு முறையும் தன் அமைப்பை வரி வரியாக அந்த லாகில் எழுதி வைக்கும். டிக்ட் (DICT) என்ற சொல் வரும் வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஃபைலை மறுபடி கையால் எழுதி, இரவு பதினொரு மணிக்கு மெஷினை எழுப்பினோம். அந்த லாகும் போயிருந்தால் அடையாள எண்ணையும் மேக் முகவரியையும் எங்கே தேடியிருப்போம்?

விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ 2024 நவம்பரிலிருந்து அலுவலகப் பயன்பாட்டுக்கும் இலவசம். அதனால் நாங்கள் போட்டுத் தராத மெஷின்களும் இப்போது உங்களிடம் இருக்கலாம். அவற்றுக்கும் கேளுங்கள், தனிக் கட்டணம் கிடையாது. மார்ச் 31 வரை கடை இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். அன்றைய பில் போட்டு முடித்து, மெஷினை ஷட்டவுன் செய்துவிட்டுக் கூப்பிடுங்கள். திரையைப் பார்த்தபடி சேர்ந்தே மாற்றிவிடலாம்.

அன்புடன்,
உங்கள் சர்வர் பராமரிப்புக் கடையிலிருந்து