பாதிக் கதை என்றால் போஸ்டரிலேயே சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இன்றைக்குத் தியேட்டர்களை நிரப்புவது இரண்டாம் பாகப் படங்கள்தான் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2022-ல் உலக அளவில் வசூலில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தவை ‘அவதார்: தி வே ஆஃப் வாட்டர்’, ‘டாப் கன்: மேவரிக்’. 2024-ல் முதலிடம் ‘இன்சைட் அவுட் 2’. இந்தியப் படங்களில் அதே ஆண்டு ‘புஷ்பா 2’. பிடித்துப்போன ஒரு பாத்திரத்தை மறுபடி பெரிய திரையில் பார்க்க ஆசைப்படுவதில் தப்பே இல்லை. நானும் அப்படி ஆசையோடு போய் உட்காருகிறவன்தான்.

என் வருத்தமெல்லாம் வேறு. ஒரே கதையை இரண்டாக வெட்டி, முதல் துண்டை முழுப் படம் என்று விற்கிறார்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

‘ஸ்பைடர்மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்’ (2023) படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அனிமேஷனில் அப்படியொரு அழகை நான் அதிகம் பார்த்ததில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடியபிறகு, ஸ்பைடர்மேனாக இருக்கும் சிறுவன் மைல்ஸ் ஒருவழியாகத் தன் அறைக்குத் திரும்பி, இத்தனை நாள் மறைத்து வைத்த உண்மையை அம்மாவிடம் கொட்டுகிறான். அவளுக்கு ஸ்பைடர்மேன் என்றால் யாரென்றே தெரியவில்லை. வந்து சேர்ந்தது தன் உலகமே இல்லை என்று அவனுக்குப் புரிகிற அந்த நொடியில் நெஞ்சு படபடக்கிறது. அப்புறம்? ‘தொடரும்’. விளக்கைப் போட்டுவிட்டார்கள். முதலில் அறிவித்தபோது அந்தப் படத்தின் பெயரோடு ‘பகுதி ஒன்று’ என்று இருந்தது. வெளியீட்டுக்கு முன்பே அதை எடுத்துவிட்டார்கள். ‘விக்கிட்’ (Wicked, 2024) படமும் அப்படித்தான். திரையில் பெயர் வரும்போதுதான் முதல் பாகம் என்றே தெரிகிறது, போஸ்டரில் அந்தச் சுவடே இல்லை. இதைத் தற்செயல் என்று நான் நம்பவில்லை. ‘பகுதி ஒன்று’ என்று போட்டால் கூட்டம் குறையும் என்ற பயம்தான்.

‘இந்தியன் 2’ எனக்கு இன்னும் அதிகம் வலித்தது. 1996-ல் வந்த முதல் படத்தில் நாயகன் சேனாபதி கத்தியைத் தூக்கியதற்குப் பின்னால் தீக்காயத்தோடு துடித்த மகள் கஸ்தூரி இருந்தாள். லஞ்சம் கொடுக்க மாட்டேன் என்று அப்பா நின்றதால் சிகிச்சை கிடைக்காமல் போனவள். அந்தக் காயத்தை நாம் கண்ணால் பார்த்திருந்ததால்தான், கடைசியில் பெற்ற மகனையே அவர் கொல்லும்போது பதறினாலும் நம்ப முடிந்தது. 28 ஆண்டுகள் கழித்து வந்த அதே சேனாபதி தாத்தா ஊர் ஊராகப் போய் வர்மத்தால் ஆட்களை முடிக்கிறார். அவர் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று ஒரு காட்சிகூடச் சொல்லவில்லை. எல்லாம் முடிந்ததும் மூன்றாம் பாகத்தின் ட்ரெய்லரைப் போடுகிறார்கள். சொல்ல வேண்டிய கதையை அடுத்த பாகத்துக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, அதுவரை நம்மைக் காக்க வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணம்தான் எனக்கு மிஞ்சியது. கமல், ஷங்கர் இருவர் மேலும் பெரிய மதிப்பு இருப்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

இரண்டு பாகமாக எடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாக நாவல். படத்தின் பெயரிலேயே 1 என்று போட்டார்கள். கப்பல் உடைந்து அருள்மொழியும் வந்தியத்தேவனும் கடலில் மூழ்குவதோடு படம் நின்றபோது யாருக்கும் ஏமாந்த உணர்வு வரவில்லை. 2015-ல் ‘பாகுபலி’ கட்டப்பாவின் ஒற்றை வாக்குமூலத்தோடு முடிந்து இரண்டு வருஷம் நாட்டையே பேச வைத்தது. ஆனால் அதற்குள் காலகேயர்களோடு நடந்த போர் முடிந்திருந்தது, நாயகன் சிவுடுவுக்குத் தான் யார் என்பது தெரிந்திருந்தது. ஒரு கேள்வியை மிச்சம் வைப்பதும் பாதிக் கதையை மிச்சம் வைப்பதும் ஒன்றல்ல. ‘டூன்: பாகம் இரண்டு’ இன்னொரு நல்ல உதாரணம். நாயகன் பால் (Paul) சிம்மாசனத்தைப் பிடித்துவிட்டான், புனிதப் போர் தொடங்குகிறது. அவன் காதலி சானி மட்டும் அவனை விட்டு விலகிப் பாலைவனத்துக்குப் போகிறாள். இன்னொரு பாகத்துக்கு இடம் இருக்கிறது, ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்ததும் இந்தக் கதை இங்கே முடிந்துவிட்டது என்று புரிந்துவிடுகிறது.

எனக்கு மிகப் பிடித்தது ‘டாப் கன்: மேவரிக்’தான். முதல் படம் 1986-ல் வந்தது. 36 ஆண்டு இடைவெளியை மேக்கப் போட்டு மறைக்காமல் அதையே கதையாக்கினார்கள். அதில் போர் விமானி மேவரிக் தன் பழைய போட்டியாளன் ஐஸ்மேனைப் பார்க்கப் போகும் காட்சியை மறக்க முடியாது. ஐஸ்மேனாக நடித்த வால் கில்மருக்குத் தொண்டைப் புற்றுநோயால் நிஜத்திலேயே குரல் போயிருந்தது. பாத்திரமும் பேச முடியாமல் கணினியில் தட்டச்சு செய்துதான் பதில் சொல்கிறது. எதிரே டாம் குரூஸ் பேசப் பேசக் கண் கலங்குகிறார். கடைசியில் ஐஸ்மேன் எழுந்து நின்று, உடைந்த குரலில் சில வார்த்தைகள் பேசிக் கட்டிப்பிடிக்கிறார். குண்டு இல்லை, விமானம் இல்லை. அரங்கம் அப்படியே அடங்கிப் போனது. இறந்துபோன நண்பன் கூஸின் மகனோடு இருந்த மனக்கசப்பும் அந்தப் படத்துக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. பெயர்கள் ஓடி முடிந்தபிறகு அடுத்த பாகத்துக்கு லீட் கொடுக்கும் துண்டுக் காட்சி எதுவும் வைக்கவில்லை. நிறைந்த மனதோடு எழுந்து வந்தேன்.

தயாரிப்பாளர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கலாம். பெரிய செட், பெரிய நட்சத்திரங்களின் கால்ஷீட், இரண்டு பாகத்தையும் ஒன்றாக எடுத்தால் செலவு மிச்சம். சரி, எடுக்கட்டும். ஆனால் வாங்குகிறவனுக்கு என்ன வாங்குகிறோம் என்று தெரிய வேண்டாமா? போஸ்டரிலும் டிக்கெட் முன்பதிவுப் பக்கத்திலும் ‘முதல் பாகம்’ என்று தெளிவாகப் போடுவதில் என்ன நஷ்டம் வந்துவிடப் போகிறது?

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். விமர்சனப் பக்கத்தில் கதைச் சுருக்கம், நடிப்பு, இசை, ஒளிப்பதிவு எல்லாம் எழுதுகிறீர்கள். அதோடு ‘கதை இந்தப் படத்திலேயே முடிகிறது’ அல்லது ‘அடுத்த பாகத்தில்தான் முடியும்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். முடிவைச் சொல்ல வேண்டாம். முடிவு உண்டா இல்லையா என்பதை மட்டும் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்