ஒன்பதாவது புள்ளி

மதிப்பிற்குரிய ஆலை நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். மூன்றாம் எண் லேத் (கடைசல் எந்திரம்) விவகாரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மெமோவில் கையெழுத்திட்டதே நீங்கள்தானே.

அன்று இரவு ஷிஃப்டில் அரை மணிக்கொரு முறை ஐந்து ஷாஃப்டுகளை மைக்ரோமீட்டரில் அளந்து, சராசரியைக் கட்டுப்பாட்டு வரைபடத்தில் குறித்துவந்தேன். விட்டம் 25 மில்லிமீட்டர். டாலரன்ஸ், அதாவது அனுமதிக்கப்பட்ட விலகல், கூடுதலாகவோ குறைவாகவோ 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பத்தரைக்கு முதல் புள்ளி. இரண்டரைக்கு ஒன்பதாவது. ஒன்பதும், வழக்கமான சராசரியைக் காட்டும் நடுக்கோட்டுக்கு மேலேயே விழுந்தன; ஒன்றுகூட வரைபடத்தின் மேல் கட்டுப்பாட்டு எல்லையைத் தாண்டவில்லை. ஆனால் பூவா தலையா போட்டால் ஒன்பது தடவையும் பூவே விழ 512இல் ஒரு வாய்ப்புதான். உலோகத்தைச் சீவும் இன்சர்ட் தேய்கிறது, விட்டம் ஏறுகிறது என்று புரிந்து எந்திரத்தை நிறுத்தினேன்.

"எல்லாம் டாலரன்ஸுக்குள்தானே இருக்கிறது" என்று மறுபடி ஓட்டச் சொன்னார்கள். ஐந்து மணிக்கு இன்சர்டின் முனை உடைந்தது. இரண்டு டிரே ஷாஃப்டுகள் கீறல் விழுந்து கழிவுக்குப் போயின. மெமோ எனக்கு வந்தது, உற்பத்தியை நாற்பது நிமிடம் தடுத்ததற்காக.

டாலரன்ஸ் வாடிக்கையாளர் கேட்பது. கட்டுப்பாட்டு எல்லை எந்திரம் தன்னைப் பற்றிச் சொல்வது; இந்த லேத்துக்கு அது நடுக்கோட்டின் இருபுறமும் 6 மைக்ரான்தான். வரைபடம் எச்சரித்தால் எந்திரத்தை நிறுத்தும் அதிகாரத்தை ஆய்வாளருக்குக் கொடுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

1924 மே மாதம் அமெரிக்கப் பொறியாளர் ஷூஹார்ட் தன் மேலதிகாரிக்கு எழுதிய சிறு குறிப்பில்தான் இந்த வரைபடம் பிறந்தது. பதிலுக்கு அவருக்கு மெமோ வந்ததாகக் கேள்விப்படவில்லை.

இப்போது அடுத்த வாரத் தணிக்கைக்காக, எங்களைப் பேக்கிங்குக்கு அனுப்பியதால் விடுபட்ட மூன்று வாரத்து வரைபடங்களை ஒரே இரவில் நிரப்பச் சொல்கிறீர்கள். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, வீச்சு (ஐந்து அளவுகளில் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசம்) மட்டும் 8, 9, 8, 9 மைக்ரான் என்று மாறி மாறி. 'தரமே எங்கள் உயிர்' பலகைக்குப் புதுப் பெயிண்ட் அடித்தாயிற்று. நேற்று கேன்டீன் சாம்பாரில் பருப்புகூடத் தென்பட்டது. மன்னிக்கவும், சாம்பாரைப் பற்றி எழுத உட்காரவில்லை.

மெமோவைத் திரும்பப் பெறுவதும் பெறாததும் உங்கள் விருப்பம். நிறுத்தும் அதிகாரத்தை மட்டும் எழுத்தில் கொடுங்கள். அந்த மூன்று வாரத்துத் தாள்கள் என் மேசையில் காலியாக இருக்கின்றன. அப்படியே தணிக்கையாளரிடம் காட்ட அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இரவு ஷிஃப்ட் தர ஆய்வாளர்