பிரஷர் பார்க்க வரும் அக்கா கேட்க வேண்டிய இன்னும் சில கேள்விகள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கும் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

எங்கள் தெருவுக்கு மாதம் ஒருமுறை சுகாதாரத் தன்னார்வலர் ஒரு அக்கா வருவார். அம்மாவுக்குப் பிரஷர் பார்ப்பார், சர்க்கரை மாத்திரை கொடுப்பார், சாப்பாடு விசாரிப்பார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, மாத்திரை வாசலுக்கே வருமா என்று சந்தேகப்பட்டவள் நான். இன்று அந்தத் திட்டத்தை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தும், வாக்கர் இல்லாமல் அவரால் நடக்க முடியவில்லை. அதைவிட எனக்கு ஆறாதது வேறொன்று. மூன்று வருடத்துக்கு முன் வாசல்படியில் கால் இடறிக் கையை ஊன்றியதில் அம்மாவின் மணிக்கட்டு முறிந்தது. ஒரு மருத்துவமனையில் மாவுக்கட்டு போட்டார்கள், ஆறு வாரத்தில் பிரித்தார்கள், அவ்வளவுதான். இவ்வளவு சின்ன விழுதலுக்கே எலும்பு ஏன் முறிந்தது என்று யாரும் கேட்கவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. எலும்பு அடர்த்தி குறைந்து, சின்ன அடிக்கே முறியும் நோய்தான் எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்). அது கொடுத்த முதல் எச்சரிக்கை அந்த மணிக்கட்டுதான்.

மூட்டுவலி வந்தால் 'எலும்பு தேய்ஞ்சிடுச்சு' என்கிறோம். எலும்புப்புரை அதுவல்ல. எலும்பு முறியும்வரை அது வலிக்காது. மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்து, முதல் சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகக் கரைகிறது. அந்த வயதில் நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது. கூடவே பால், தயிர், எள், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி என்று சேர்த்தால்தான் கணக்கு நேராகும். சாப்பிட்ட கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி-யும் வேண்டும், அதற்கு வெயில் படவேண்டும்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. பிரஷர் பார்க்கும்போதே அந்த அக்கா இதையும் கேட்கட்டும்: ஐம்பது வயதுக்குப் பிறகு எலும்பு முறிந்திருக்கிறதா? உயரம் குறைந்து கூன் விழுந்திருக்கிறதா? ஆஸ்துமாவுக்கோ முடக்குவாதத்துக்கோ நெடுநாளாக ஸ்டீராய்டு மாத்திரை உண்டா? இந்த ஒரு வருடத்தில் எங்காவது விழுந்தீர்களா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு சீட்டு எழுதித் தரட்டும். எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் மாவட்டத்துக்கு ஒரு இடத்திலாவது இலவசமாகக் கிடைக்கட்டும். அந்த ஸ்கேனில் வரும் டி-ஸ்கோர் என்ற எலும்பு அடர்த்தி அளவு மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. அதற்கு வாரம் ஒரு முறை போடும் மாத்திரை இருக்கிறது. காலையில் காபிக்கு முன்னால், வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இதைப் பொறுமையாகச் சொல்லித்தர அந்த அக்காவைவிடப் பொருத்தமானவர் யார்?

திட்டத்தின் இயன்முறை சிகிச்சையாளர், அம்மா விழுந்த பிறகு வீட்டுக்கு வந்தார். அவரை முன்பே அனுப்புங்கள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து பழகினாலே தொடைக்கு வலு வரும். குளியலறைப் பாசியையும், பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாததையும் அவர் கண்ணால் பார்த்துச் சொல்லட்டும்.

எதிர்வீட்டு அத்தைக்குப் போன மாதம் மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். அடுத்த முறை அக்கா வரும்போது, அத்தையிடம் இந்தக் கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மகள்