மாயாற்றுப் பாறுகளுக்குத் துணை நின்றவர்களுக்கு

மதிப்பிற்குரியோரே,

நீலகிரி மலையடிவாரத்து மாயாற்றங்கரை நீர்மத்தி மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் இப்பருவத்திலும் கூடு கட்டியிருப்பதை, வனத்துறையினருடன் சென்று தொலைவிலிருந்து பார்த்துத் திரும்பிய கையோடு இம்மடலை எழுதுகிறேன். பிணந்தின்னிக் கழுகு என்று பலர் முகம் சுளிக்கும் இப்பறவைக்கு உங்களில் பெரும்பாலோர் செய்த உதவி, ஒன்றைச் செய்யாமல் இருந்ததுதான். அது எவர் கண்ணுக்கும் படுவதில்லை என்பதாலேயே வெளிப்படையாக நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதல் நன்றி மாடு வளர்ப்போருக்கு. புலி அடித்துப் போட்ட மாட்டின் உடலில் யாரேனும் நஞ்சு வைத்தால், அதைத் தின்ன இறங்கும் பாறுகள் கூட்டமாக மடிந்துபோகும். கறவை மாடு ஒன்றை இழப்பது ஒரு குடும்பத்துக்கு எத்தகைய அடி என்பதை நான் அறிவேன். அந்தத் துயரத்திலும், ஆத்திரத்துக்கு இடம் கொடாமல், வனத்துறைக்குத் தகவல் சொல்லி இழப்பீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு, உடலை அப்படியே விட்டுவைத்தீர்களே, அதற்கு ஈடாகச் சொல்ல என்னிடம் சொல் இல்லை.

அடுத்து, கால்நடை மருத்துவர்களுக்கும் மருந்துக்கடை நடத்துவோருக்கும். டைக்ளோபினாக் என்னும் வலிநீக்கி ஊசி போடப்பட்ட மாடு சில நாட்களுக்குள் இறந்தால், உடலில் எஞ்சிய மருந்து அதைத் தின்னும் பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். இந்தியாவில் 1992 முதல் 2007 வரையிலான பதினைந்தே ஆண்டுகளில் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. மாடுகளுக்கு இம்மருந்தைத் தருவது 2006இல் தடை செய்யப்பட்டது. ஆனாலும் மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் தொழுவத்துக்குப் போய்க்கொண்டிருந்ததால், 2015இல் குப்பியின் அளவை 3 மில்லி லிட்டராகக் குறைக்க நேர்ந்தது. இதே போலப் பாறுகளைக் கொல்லும் கீட்டோபுரோபேன், அசிக்ளோபினாக் ஆகிய வலிநீக்கிகளை மாடுகளுக்குத் தருவதற்கான தடை 2023இல்தான் வந்தது. ஆணைகள் தாளில் இருக்க, வலியில் துடிக்கும் மாட்டுக்குப் பாறுகளைக் கொல்லாத மெலாக்சிகம் ஊசியைத் தேடி எடுத்துப் போட்டவர்கள் நீங்கள். பழைய மருந்தைக் கேட்டு வந்தவரிடம் ஒரு கடைக்காரர் பொறுமையாகக் காரணம் சொல்லி மாற்று மருந்தைக் கொடுத்ததை அருகில் நின்று கண்டேன். விற்பனை போனாலும் போகட்டும் என்று அவர் நினைத்தது அன்றைக்கு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும், கணக்கெடுப்பு நாட்களில் வெயிலில் உடன் நின்ற தன்னார்வலர்களுக்கும் என் வணக்கம். யானைத் தடத்தை மோப்பத்தால் உணர்ந்து எங்களை வழிமாற்றி அழைத்துச் சென்றவர்கள் அக்காவலர்களே.

பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். பொரித்த குஞ்சு இனப்பெருக்கம் செய்யும் பருவத்தை எட்டச் சுமார் ஐந்து ஆண்டுகள் ஆகும். இப்பருவத்தில் பறக்கப்போகும் குஞ்சுகள் தாமே கூடு கட்டும் நாள்வரை உங்கள் துணை வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
பாறுகளைக் கணக்கெடுக்கும் தன்னார்வலர் ஒருவர்