வெப்பத்தடைப் பூச்சில் எஞ்சும் தகைவையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டர்பைன் பிளேடுகளை வெப்பத்திலிருந்து காக்கும் சிர்கோனியா என்னும் பீங்கான் பூச்சு பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வெளிவந்த கட்டுரை, பூச்சின் தடிமன் கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும் என்று கூறியிருந்தது. வெப்பத்தைத் தடுப்பதைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால், பூச்சு பெரும்பாலும் உரிந்து விழுந்தே பயனிழக்கிறது. உரிவதற்கான ஆற்றலைத் தருவது எஞ்சிய தகைவு, அதாவது வெளிவிசை ஏதும் இல்லாதபோதும் அதனுள் தங்கிவிட்ட இழுப்பு அல்லது அமுக்கம். தகைவு ஒன்றாகவே இருந்தாலும், தடிமன் இருமடங்கானால் சேர்ந்திருக்கும் ஆற்றலும் இருமடங்காகும். கட்டுரை இதைத் தொடவே இல்லை.

பூச்சுப்பொடியை மிகச் சூடான வாயுவில் உருக்கித் தெளிக்கும் பிளாஸ்மாத் தெளிப்பில், உருகிய துளி ஒவ்வொன்றும் மோதித் தட்டையாகி உறைந்து சுருங்க முயல, கீழுள்ள அடுக்கு அதைத் தடுப்பதால் இழுவிசைத் தகைவு பிறக்கிறது. அதில் பெரும்பகுதி நுண்விரிசல்களாய்த் தணிந்துவிடும். பின்னர் டர்பைன் இயங்கிக் குளிரும்போது, ஒரு பாகைக்குப் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 15 பங்கு சுருங்கும் பிளேடின் நிக்கல் உலோகக்கலவை, 11 பங்கே சுருங்கும் சிர்கோனியாவை அமுக்குகிறது.

இந்த அமுக்கத்தைக் கணிப்பதில் பெரும்பிழை நுழையும் இடம், பொருளின் விறைப்பைக் காட்டும் மீட்சிக்குணகம். கையேட்டில் காணும் கெட்டிச் சிர்கோனியாவின் 200 கிகாபாஸ்கலை எடுத்து, 1000 பாகைக் குளிர்ச்சிக்கும் 0.2 பாய்சான் விகிதத்துக்கும் (ஒரு திசையில் நீளும் பொருள் குறுக்கே சுருங்கும் விகிதம்) கணக்கிட்டால் 1000 மெகாபாஸ்கல் வரும். துளைகளும் விரிசல்களும் மலிந்த தெளிப்புப் பூச்சுக்குப் பொருந்தக்கூடிய 40 கிகாபாஸ்கலை இட்டால் அதே சமன்பாடு 200 மெகாபாஸ்கலே தரும். அந்த 40-உம் நிலைத்து நிற்பதில்லை. 1200 பாகைக்கு மேல் நெடுநேரம் இயங்கினால் துளைகள் மூடிக்கொண்டு பூச்சு விறைப்பாகும். ஆகவே, புதிய பூச்சுக்குச் செய்த கணிப்பைப் பழைய பூச்சுக்குப் பயன்படுத்துவது எனக்கு ஏற்புடையதன்று.

இதனினும் முக்கியமானது, உலோகத்துக்கும் சிர்கோனியாவுக்கும் இடையே இடப்படும் பிணைப்புப் பூச்சின் மேல் தானே வளரும் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) படலம். சில மைக்ரோமீட்டர் தடிமனே ஆயினும், குளிர்ந்தபின் அதில் 3000 மெகாபாஸ்கலைத் தாண்டிய அமுக்கம் நிற்கும். பரப்பு முற்றிலும் தட்டையானது என்று கொள்ளும் அடுக்குக் கணக்கில், விளிம்புகளை விட்டால், பரப்புக்குச் செங்குத்தான தகைவு சுழியம்தான். உண்மைப் பரப்போ மேடும் பள்ளமுமானது; அலுமினா மெல்லியதாக இருக்கையில் மேடுகளின் உச்சியில்தான் பூச்சைப் பெயர்க்கும் இழுவிசை தோன்றுகிறது. பூச்சிட்ட தகட்டின் வளைவை அளந்து தகைவு காண 1909-இல் ஸ்டோனி தந்த சூத்திரமும் சராசரியையே சொல்லும், இந்த உச்சிகளைச் சொல்லாது.

சிர்கோனியாவின் மேல் லாந்தனம் சிர்கோனேட் என்னும் இரண்டாம் பீங்கானை இடும் முறையிலும் இதே எச்சரிக்கை தேவை. அது வெப்பத்தைக் குறைவாகக் கடத்தும். ஆனால் அதன் வெப்ப விரிவும் விரிசல் தாங்கும் வலிமையும் குறைவு. எனவே எந்த அடுக்கு எவ்வளவு தடிமன் என்பதைத் தகைவுக் கணிப்போடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இப்பீங்கானின் மூலத்தாதான சிர்க்கான், சவறாவிலும் மணவாளக்குறிச்சியிலும் நம் கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது. பாலக்காட்டின் சித்தூர் வட்டத்தில் தமிழ்வழி படித்துவிட்டுக் கஞ்சிக்கோட்டு ஆலைகளுக்கும் கோவைப் பட்டறைகளுக்கும் செல்லும் இளைஞர்கள் தங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள். அவர்களுக்காக, எஞ்சிய தகைவைக் கணிப்பதையும் துளையிட்டும் எக்ஸ் கதிர் கொண்டும் அதை அளந்து சரிபார்ப்பதையும் விளக்கும் கட்டுரை ஒன்றை, படங்களுடன், அதே பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயந்திரவியல் ஆசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.