ஏறிப்போனவர்களுக்கும், எங்களைக் கூட்டிப்போனவர்களுக்கும்

பைகுல்லா தீயணைப்புத் தலைமையகத்தில் இருக்கும் அண்ணன்மார்களுக்கும், எங்களோடு கூட நின்ற எல்லோருக்கும் தாராவியிலிருந்து வணக்கம்.

போன ஏப்ரல் 14 அன்று என் அப்பாவை அங்கே கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். 1944இல் பம்பாய் டாக்கில் கப்பல் வெடித்து இறந்துபோன தீயணைப்பு வீரர்களுக்கான காலை அஞ்சலி முடிந்து கூட்டம் கலைந்த நேரம். வாசலில் நின்ற தீயணைப்பு வீரரிடம் என் அரைகுறை மராத்தியில் விஷயத்தைச் சொன்னேன். "பாபாவை உட்கார வையுங்க" என்று முதலில் நாற்காலியைத்தான் எடுத்துப் போட்டார். அப்புறம் தண்ணீர். அதற்கப்புறம்தான் நாங்கள் யார், எதற்கு வந்தோம் என்றே முழுதாகக் கேட்டார். அவருக்கு என் முதல் நன்றி.

நாங்கள் எதற்காக வந்தோம் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். அன்றைக்கு மூச்சு வாங்க, பாதிதான் சொல்ல முடிந்தது.

எங்கள் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, பம்பாய்த் துறைமுகத்தின் விக்டோரியா டாக்கில் சரக்கு இறக்கும் கூலியாக இருந்தார். டாக்கைக் கடைசிவரை 'கோதி' என்றுதான் சொல்வார். 1944 ஏப்ரலில் அவருடைய கும்பலுக்குக் கிடைத்த கப்பல் ஃபோர்ட் ஸ்டைகின். இங்கிலாந்தின் பர்கன்ஹெட்டிலிருந்து பிப்ரவரியில் புறப்பட்டு, கராச்சி வழியாக 12ஆம் தேதி பம்பாய் வந்து சேர்ந்தது. உள்ளே டார்பிடோ, கண்ணிவெடி, பீரங்கிக் குண்டு என்று சுமார் 1,400 டன் வெடிபொருள். கராச்சியில் அதோடு பஞ்சு மூட்டை, எண்ணெய், மீன் உரம் எல்லாம் ஏற்றியிருந்தார்கள். தாத்தா அந்தக் கப்பலைப் பற்றிப் பேசினால் "ஒரே கருவாட்டு நாத்தம்" என்றுதான் ஆரம்பிப்பார். பஞ்சையும் வெடிமருந்தையும் ஒரே சரக்கறையில் அடைத்தவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை. ஆபத்தான சரக்கு இருக்கிறது என்று காட்டும் சிவப்புக் கொடியைக்கூட ஏற்றவில்லை.

14ஆம் தேதி மதியச் சாப்பாடு முடிந்து இரண்டாம் நம்பர் சரக்கறையில் இறங்கியபோது புகை. கூலியாட்கள் அலறியடித்து மேலே ஏறி, பலகை வழியாகக் கரைக்கு இறங்கினார்கள். தீயணைப்பு வீரர்களைத் தாத்தா 'பம்புக்காரங்க' என்பார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நாங்க இறங்கி வாறோம், பம்புக்காரங்க ஏறிப் போறாங்க. ஒருத்தன் என் தோளைப் பிடிச்சு ஓரமா ஒதுக்கிட்டு மேல போனான். சின்ன வயசுப் பையன்."

அவ்வளவுதான். அந்தக் கை மட்டும்தான் அவருக்குத் தெரியும். முகம் நினைவில்லை, பேர் தெரியாது.

கப்பலை மூழ்கடிப்பதா, வெளியே இழுத்துப் போவதா என்று அதிகாரிகள் பேசிக்கொண்டே இருந்தார்கள். பம்புக்காரர்களோ அடியில் வெடிமருந்து இருந்த அந்தத் தளத்தில் நின்று 900 டன் தண்ணீரை உள்ளே பாய்ச்சினார்கள். தண்ணீர் ஏற ஏற, எரிகிற பஞ்சு மூட்டைகளும் மிதந்து வெடிபொருளை நோக்கி ஏறின. வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. கப்பலின் இரும்புத் தகடு சிவந்துபோன பிறகும் குழாயைப் பிடித்திருந்தார்கள். மாலை 4 மணி 6 நிமிடத்துக்கு முதல் வெடி. அரை மணி நேரத்துக்குள் இரண்டாவது. சிம்லாவில் இருந்த நிலநடுக்கக் கருவியே அதிர்ந்தது. மஸ்ஜித் பந்தர் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றிருந்த தாத்தாவுக்கு வலது காது அன்றோடு போனது. தீயணைப்புப் படையில் 66 பேர் திரும்பவில்லை.

இந்தக் கதையைச் சொன்னாலே கேட்கிறவர்கள் தங்கத்துக்குப் போய்விடுகிறார்கள். கப்பலில் தங்கக்கட்டிகள் இருந்ததும், 2011இல்கூடத் தூர் வாரும்போது கிடைத்ததும் உண்மைதான். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எழுந்ததே இல்லை.

போர்க்காலத் தணிக்கையால் வெடித்த செய்தியை இங்கே வெளியிட விடவில்லை. மறுநாளே ஜப்பான் கையில் இருந்த சைகோன் வானொலி உலகத்துக்குச் சொல்லிவிட்டது. நம் பத்திரிகைகளுக்கு மே மாதம்தான் அனுமதி கிடைத்தது. ஊரில் ஆச்சிக்கு எது எப்படித் தெரியும்? பம்பாயில் என்னவோ ஆகிவிட்டது என்று சந்தையில் யாரோ சொல்ல, நாள்கணக்காகத் தபால்காரரின் வழியையே பார்த்திருந்தாராம். எழுதத் தெரியாத தாத்தாவுக்காகக் கூட இருந்த ஒரு கணக்கப்பிள்ளை போட்ட கார்டு ஒரு நாள் வந்தது. "நான் சுகம். கவலைப்படாதே." அந்தக் கார்டு இன்னும் எங்களிடம் இருக்கிறது. மை மங்கி, 'சுகம்' மட்டும்தான் தெளிவாகத் தெரிகிறது. அந்தக் கணக்கப்பிள்ளைக்கும், அவர் பிள்ளைகள் எங்கிருந்தாலும் அவர்களுக்கும் நன்றி.

அப்பா பிறந்தது 1946இல்.

எண்பது வயதை நெருங்கும்போது அவர் கேட்ட ஒரே விஷயம், "அந்தக் கல்லை ஒருதரம் தொட்டுட்டு வரணும்" என்பதுதான். அந்த 66 பேரின் நினைவுக்கல்லைத்தான் சொன்னார். எனக்கு எங்கே போக வேண்டும் என்றே தெரியாது. நாடு முழுக்க ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம் கொண்டாடுவதே இந்த 66 பேரால்தான் என்பதை, நாங்கள் இருக்கும் சாலில் (வரிசை வீடுகள் உள்ள குடியிருப்பில்) குடியிருக்கும் ஓய்வுபெற்ற டாக் தொழிலாளி ஒருவர்தான் சொன்னார். தினமும் இரவு எட்டு மணிக்கு மேல் வந்து உட்கார்ந்து, அந்த நாளை மணிக்கணக்கோடு விளக்கினார். பாவ் (அண்ணா), உங்களுக்கு நன்றி. 1944 மே மாதப் பத்திரிகைகளைத் தேடியெடுத்துக் கொடுத்த நூலக அம்மாவுக்கும், ஆங்கிலத்தில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் சொன்ன பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் நன்றி. பரீட்சை நேரத்திலும் அவன் முகம் சுளிக்கவில்லை. இரண்டு மணி நேரம் வெயிலில் காத்திருந்துவிட்டு, காத்திருந்ததற்குக் காசு வேண்டாம் என்ற டாக்சி அண்ணனின் சொந்த ஊர் பிகார். அவருக்கும் இதை யாராவது படித்துச் சொல்லுங்கள்.

அந்த 66 பேரின் குடும்பங்களுக்கு எப்படி எழுதுவது என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். உங்கள் வீட்டில் ஒருவர் குறைந்ததால்தான் எங்கள் வீட்டில் அப்பா, நான், என் பிள்ளைகள் என்று இத்தனை பேர் இருக்கிறோம். இதற்கு நன்றி என்று சொல்லலாமா என்றுகூடத் தெரியவில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நன்றி.

அன்றைக்கு அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லின் மேல் வலது கையை வைத்தார். ரொம்ப நேரம் கையை எடுக்கவே இல்லை. திரும்பும்போது வாசலில் இருந்த இளம் வீரர் அவர் தோளைப் பிடித்துப் படியில் இறக்கிவிட்டார். டாக்சியில் ஏறிய பிறகு அப்பா அந்தத் தோளைத் தடவிக்கொண்டே வந்தார். ஒன்றும் பேசவில்லை.

மாட்டுங்காவில் வாங்கிப்போன மல்லிகைச் சரம் கல்லைச் சுற்றப் போதவில்லை. அடுத்த வருஷத்துக்கு இப்போதே பூக்கார அக்காவிடம் சொல்லி வைக்கச் சொல்கிறார்.